சபையின் உயிர்நிலை

‘நம் சபையில் முன்போல் உயிர் இல்லை’ என்னும் முறையீட்டை இக்காலத்திற் கேளாத கிறிஸ்தவ இல்லம் இல்லை எனலாம். முதியோர் ஆராதனை முடிந்து ஆலயப் படிகளில் இறங்குங்கால் இதனைச் சொல்லுகின்றனர். வாலிபர் தம்முட் கூடிப் பேசுங்கால் இதனையே வேறு சொற்களாற் சொல்லுகின்றனர். குருவானவரோ இருதிறத்தாரையும் கேட்டுப் பெருமூச்செறிகின்றார். நோய் உண்டென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. மருந்து யாதென்பதிலேதான் பிணக்கு. புதிய வாத்தியங்கள் வேண்டும் என்பர் சிலர். வெண்திரையிற் பாட்டின் அடிகள் தோன்றவேண்டும் என்பர் சிலர். ஆங்கில ஆராதனை ஒன்று தனியே வேண்டும் என்பர் வேறு சிலர். பழைய கீர்த்தனைகளைப் பழைய இராகத்திலே பாடினாற் போதும், போன உயிர் தானே மீளும் என்பாரும் உளர். இவை ஒவ்வொன்றும் ஓரளவிற் பயன் தருவனவே. ஆயினும், இவை உடலுக்கு இடும் அணிகலன்களாமேயன்றி உயிராகா என்பது எம் கருத்து. உயிர்நிலை பிறிதோரிடத்தில் இருக்கின்றது. அதனை யாம் ஒரு நூலிற் படித்து அறிந்தோமல்லோம், வெட்கத்தோடு கற்றுக்கொண்டோம். அவ்வரலாற்றையே முதலிற் கூறுவோம்.

யாம் வசிப்பது ஆதம்பாக்கம். பரங்கிமலைக்குக் கிழக்கே, கிண்டிக்கும் வேளச்சேரிக்கும் நங்கநல்லூருக்கும் இடையே உள்ளது இவ்வூர். ஏரியும் கழனியுமாய் இருந்த கிராமம் ஆலந்தூர் நகராட்சியுள் அடங்கியிருந்து, 2011-ம் ஆண்டில் அந்நகராட்சியோடு சென்னை மாநகராட்சியிற் கலந்தது. அவ்வாண்டின் குடிக்கணக்கின்படி ஆலந்தூரின் ஜனத்தொகை 1,64,430. பின்னர் 2016-ம் ஆண்டிற் பரங்கிமலைக்கு மெட்ரோ ரயிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்பக்கத்து ஆலயம் ஒன்றினுட் புகுந்து நோக்குவார் தமிழ்நாடு முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் காண்பர். நெல்லைச் சீமையார் ஒரு பக்கம், கன்னியாகுமரியார் ஒரு பக்கம், செங்கற்பட்டு, வேலூர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்தோர் ஒரு பக்கம். எவரும் இவ்வூரிற் பிறந்தவரல்லர் என்று சொல்லும்படியாய் இருக்கும். பதினொரு மாத வாடகைப் பத்திரம் முடிந்தவுடன் பலர் வேறு தெருவுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவர். போனதை அறிபவர் யார்?

யாம் போய்வரும் சபையிற் சில ஆண்டுகளுக்கு முன் நாசரேத்துப் பக்கத்திலிருந்து தம் மகனோடு வந்து குடியேறிய ஒரு விதவைத் தாயார் இருந்தார். எட்டு வருஷம் அவர் ஒரே பெஞ்சில், சுவரோரத்தில் அமர்ந்து ஆராதித்தார். யாம் அவருக்கு இரண்டு பெஞ்சுகளுக்குப் பின்னால். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடந்தார். மகனுக்கு இரவு உத்தியோகம். பதினொரு ஞாயிறுகள் அவருடைய இடம் வெறுமையாய் இருந்தது. ஒருவரும் கேட்டிலர்; யாமும் கேட்டிலோம். சபையிலிருந்து அவர் வீட்டுக்குச் சென்றது ஒன்றே ஒன்று: சந்தா பாக்கியைச் செலுத்துமாறு கேட்கும் அச்சிட்ட கடிதம்.

அவர் வாசற்படியில் ஏறி வந்தவர் வேறொருவர். அடுத்த தெருவில், ஒரு மாடி வீட்டின் மேற்றளத்திற் கூடும் சிறிய பெந்தெகொஸ்தே ஜெபவீட்டைச் சார்ந்த ஒரு பெண்மணி. முன்பின் அறிமுகமில்லாதவர். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார், தலைவாரி விட்டார், கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபித்தார். எலும்பு கூடி எழுந்து நடமாடத் தொடங்கியபின் அத்தாயார் எங்கே போனார் என்று சொல்லவேண்டுவதில்லை. மாதங்கள் பல கழித்து அவரைக் கடைவீதியிற் கண்டு, ‘அம்மா, கோவிலுக்கு வருவதில்லையே?’ என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டு, ‘அங்கே அடிக்கிற மேளத்தில் எனக்குத் தலைவலிதான் ஐயா. ஆனாலும் அவர்களுக்கு என் வீட்டு வாசல் தெரியும்’ என்றார்.

இதனை எண்ணுந்தோறும் எமக்கு மற்றொன்று நினைவுக்கு வந்து வருத்துகின்றது. தென்னிந்தியத் திருச்சபை 1947-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி சென்னைப் புனித ஜார்ஜ் தேவாலயத்திற் பிறந்தது. அச்சபையினர் தமக்கென வகுத்துக்கொண்ட திருவிருந்து முறைமை 1950-ம் ஆண்டில் முதன்முதல் வழங்கலாயிற்று. உலகத்தின் பல பாகங்களிலுள்ள சபைகள் அதனை வியந்து, தம் முறைமைகளைத் திருத்துங்கால் அதனின்றும் கற்றுக்கொண்டன. அம்முறைமையில் விசேஷமாய்ப் பேசப்பட்டது சமாதானம் வழங்குதல். சுரியானிக் கிறிஸ்தவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அவ்வழக்கத்தின்படி, சமாதானம் பீடத்தினின்று தொடங்கி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சபை முழுவதும் செல்லும். அயலானைத் தொடாது ஆண்டவரைத் தொடுதல் கூடாதென்பது அதன் கருத்து. இந்நாளில் நாம் செய்வது யாது? இருந்தவிடத்திலிருந்தே கைகூப்பி இருபுறமும் தலையசைத்து அமர்கின்றோம். அத்தாயாருக்கு யாம் எட்டு வருஷம் சமாதானம் கூறினோம். அவர் வீடு எங்கேயென்று ஒருநாளும் கேட்டிலோம்.

ஆகவே, சபையின் உயிரைச் சோதித்தறிதற்கு எம்மிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. ஒருவர் மூன்று வாரம் வாராதிருப்பின் அவர் கதவைத் தட்டப்போகிறவர் யார்? அப்பெயரைத் தயங்காது சொல்லக்கூடிய சபை உயிரோடிருக்கின்றது. அதன் வாத்தியம் பழையதாயினும் ஆகுக, கூரை ஒழுகினும் ஒழுகுக. சொல்லவியலாத சபை, ஞாயிறுதோறும் பெஞ்சுகள் நிறைந்திருப்பினும், ஒரு கூட்டமேயன்றிச் சபையன்று.

அத்தாயார் வளர்ந்த நெல்லைச் சீமையில் இக்கேள்விக்கு விடை எளிதாய் இருந்தது. ரேனியுஸ் ஐயர் 1820-ம் ஆண்டிற் பாளையங்கோட்டைக்கு வந்தபின் அந்நாட்டிற் கிறிஸ்தவக் கிராமங்கள் பல எழுந்தன. விசுவாசத்தின்பொருட்டு வீடும் நிலமும் இழந்தோரைக் குடியேற்றுதற்கென்று 1830-ம் ஆண்டில் தரும சங்கமும் ஏற்பட்டது. இவற்றைச் செய்தவர் பெயர்கள் நம் சரித்திர நூல்களில் உள்ளன. ஆனால் அக்கிராமச் சபைகளை நாள்தோறும் தாங்கியவர் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. உபதேசியார் பகலிற் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, மாலையில் மணியடித்து ஊராரை ஜெபத்துக்குக் கூட்டுவார். வாராதவர் யார் என்பதை விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வையிலே கண்டுகொள்வார். கூட்டம் கலைந்தபின் அவர் வீட்டுத் திண்ணையில் இருப்பார். பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிப்பானையில் இடுவர். பனையேறிப் பிழைப்போர் கருப்பட்டியைக் காணிக்கையாய்க் கொணர்வர். அசனம் வந்தால் விறகு பிளப்பவர் ஒருவர், காய் நறுக்குபவர் ஒருவர், சோறு வடிப்பவர் ஒருவர், இலை போடுபவர் ஒருவர். வேலை இல்லாத கை இராது.

கைப்பிடி அரிசியை நம்மிற் பலர் பணம் திரட்டும் ஓர் உபாயமாகவே எண்ணுகின்றனர். அரிசியால் வந்த பொருள் பெரிதே. அத்தகைய சிறு காணிக்கைகளின் பலத்தாலேதான் நெல்லையார் 1903-ம் ஆண்டில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, பிறநாட்டார் காசின்றித் தெலுங்கு நாட்டுக்குத் தம்மவரை ஊழியத்துக்கு அனுப்பினர். ஆனால் அதனினும் பெரிது வேறொன்று. எழுத்தறியாத ஒரு தாய் அடுப்புமூட்டும் பொழுதெல்லாம் சபையைத் தன் கையாற் பற்றினாள். சபை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காரியமன்று, சமையலறைக் காரியம். நாம் நகரத்துக்கு வந்தவுடன் பானையை ஊரில் விட்டுவிட்டோம். சந்தாப் புத்தகத்தை மாத்திரம் கொண்டுவந்தோம்.

பழமையைப் பொன்னாக்கிக் காட்டுவது எம் நோக்கமன்று. அக்கிராமச் சபைகளில் வெள்ளைத் துரையின் சொல்லுக்கு மறுசொல் இராது. அதனால் விளைந்த தீங்கைத் தென்னிந்தியத் திருச்சபையின் முதற் பிரதம அத்தியட்சராயிருந்த மைக்கேல் ஹாலிஸ் அவர்களே 1962-ம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஒளியாது எடுத்துரைத்தார். சாதியோ பீடத்தின் படிவரை வந்து நின்றது. 1833-ம் ஆண்டிற் டேனியல் வில்சன் அத்தியட்சர் ஆலயத்துட் சாதி வேற்றுமை கூடாதெனக் கட்டளையிட்டபொழுது, தஞ்சை முதலிய இடங்களிற் பலர் சாதியை விடுவதற்கு மாறாகச் சபையை விட்டனர். இன்றும் சேகரக் கமிட்டித் தேர்தல்களிலும் கல்யாணப் பேச்சுக்களிலும் அப்பழைய பிசாசு தலைகாட்டுவதை அறியாதார் யார்? ‘வீட்டு வாசலை அறிதல்’ என்று யாம் சொல்லுவது நம் ஊரார், நம் இனத்தார் வாசலை மட்டும் அறிதலாயின், அதனைவிட அறியாதிருத்தலே நன்று. ஆதம்பாக்கம் போன்ற இடத்தில் ஊர்வாரியாய்ச் சேர்தல் எளிது. தெருவாரியாய்ச் சேர்தல் கடினம். கடினமானதே வேண்டப்படுகின்றது.

நகரத்துச் சபைகளைப்பற்றி லண்டன் பல்கலைக்கழகத்து மானிடவியல் அறிஞர் லயனல் கேப்லன் என்பவர் ஒரு நூல் எழுதி 1987-ம் ஆண்டில் வெளியிட்டார். சென்னையிலுள்ள புராட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவரிடையே நெடுநாட் பழகி ஆராய்ந்து எழுதியது அது. நம் சபைத் தலைவர்களுட் படித்தவரும் உத்தியோகம் வகிப்போரும் சமூக நீதி, தேச சேவை என்பவற்றைக் குறித்துப் பேசினர். அவை மெய்யாகவே சிறந்த பேச்சுக்கள். அதே சபையின் பின்பெஞ்சுகளில் இருந்தவர்க்கோ பிள்ளையின் காய்ச்சலும், வேலையின்மையும், கடனும், குடியும், பிறர் செய்வினை என்னும் அச்சமும் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தன. அவர்கள் தம் பெயரைப் பழைய சபையின் பதிவேட்டில் வைத்துக்கொண்டே, தம் துன்பத்தைச் சொல்லுதற்கு ஜெபவீடுகளையும் சுகமளிக்கும் கூட்டங்களையும் நாடினர். நம் பிரசங்கபீடம் உலகத்தின் துன்பத்தைப் பேசியது. நான்காம் பெஞ்சின் துன்பத்தைப் பேசவில்லை. நூல் வெளிவந்து நாற்பதாண்டுகளை நெருங்குகின்றது; நிலைமை மாறியதாக எமக்குத் தோன்றவில்லை.

ஆதலால், நம்மவர் அங்கே போவதை ‘மேளத்துக்கு மயங்கிப் போகின்றனர்’ என்று இகழ்வது அறிவின்மையாம். அவர்களுடைய உபதேசத்திற் பல காரியங்கள் எமக்கு உடன்பாடல்ல. மருந்தை மறுக்கச் சொல்லும் போதகரைக் கண்டால் யாம் வாய்மூடி இருப்பதுமில்லை. ஆனால் அவர்களுட் பலர் கையாளும் ஒரு முறைமை உண்டு. சபையைச் சிறு சிறு வீட்டுக் கூட்டங்களாய்ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண விசுவாசியைப் பொறுப்பாக்குதல். தென்கொரிய நாட்டில் ஸியோல் நகரத்துப் போதகர் ஒருவர் 1960-களில் நோயுற்றுத் தாமே யாவரையும் விசாரிக்க இயலாதபொழுது, அப்பொறுப்பைப் பெரும்பாலும் பெண்களிடம் ஒப்புவித்தார். அச்சபை பின்னர் உலகத்திலேயே மிகப் பெரிய சபைகளுள் ஒன்றாயிற்று. இதனைப் பலர் புதுமையென்று எண்ணுகின்றனர். இது நம் சொந்த ஆஸ்தி!

எவ்வாறெனிற் கூறுவோம். 1742-ம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லி ஐயரின் கூட்டத்தார் தாம் கட்டிய ஜெபவீட்டின் கடனைத் தீர்க்கும் வழியை ஆலோசித்தனர். வாரம் ஆளுக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். ஏழைகள் என் செய்வர் என்றார் மற்றொருவர். முதற் சொன்னவர், ‘பதினொருவரை என்னிடம் விடுங்கள்; நான் வாரந்தோறும் அவர்களைக் கண்டு வாங்கிவருகின்றேன்; கொடுக்க இயலாதவர் பங்கையும் நானே இடுகின்றேன்’ என்றார். அங்ஙனமே பன்னிருவர் கொண்ட வகுப்புகள் ஏற்பட்டன. பென்னி வாங்கச் சென்றவர்கள் வீடுகளில் வேறு காரியங்களைக் கண்டனர்: ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டிற் குடி, ஒரு வீட்டிற் கணவன் மனைவி பிணக்கு. வெஸ்லி உடனே உணர்ந்தார். தாம் நெடுநாளாய்த் தேடிய மேய்ப்பு இதுவே என்று. கடன் தீர்ந்தபின்னும் வகுப்புகள் நின்றன. அவர் வழிவந்த மெதடிஸ்டுச் சபை 1947-ம் ஆண்டில் நம்மோடு இணைந்த சபைகளுள் ஒன்றன்றோ? அதன் கட்டிடங்களையும் பாடல்களையும் பெற்றுக்கொண்டோம். பன்னிருவர் வகுப்பை எந்த அலமாரியில் வைத்தோம் என்பது தெரியவில்லை.

நேயர்காள், இரண்டு சந்தாக்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிஸ்டலிற் சந்தா வாங்கச் சென்றவர் நோயாளியைக் கண்டார். எம் சபையில் நோயாளியைச் சந்தா பாக்கிக் கடிதம் கண்டது. இப்பொழுது அக்கடிதமும் போய், கைபேசியில் ஒரு நொடியிற் பணம் செலுத்திவிடலாம் என்று பெருமை கொள்ளுகின்றோம். வசதியை யாம் மறுக்கவில்லை. கைபேசி வாசற்படி ஏறாது என்பதை மட்டும் சொல்லுகின்றோம். 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆலயங்கள் கொரோனாவால் மூடப்பட்டபொழுது ஆராதனையையே கைபேசியிற் காணக் கற்றுக்கொண்டோம். படுக்கையிற் கிடப்போருக்கும் தூரதேசத்திலுள்ள பிள்ளைகளுக்கும் அது பேருதவி. நல்ல கால்களை உடையோரும் அதிலேயே தங்கிவிட்டனர் என்பது வேறு விஷயம்.

‘நகரத்தார்க்கு நேரமில்லை, பொறுப்பு ஏற்கமாட்டார், கேட்டாலும் கொடுக்கமாட்டார்’ என்று நம் கமிட்டியார் கூறுவதுண்டு. இதற்கு விடை ஆதம்பாக்கத்துத் தெருக்களின் அடியிலேயே புதைந்திருக்கின்றது. 1990-களின் இறுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றை வகுத்தது. சர்க்கார்ப் பணமும் கடனும் போதாமையால், ஜனங்களிடமே கேட்பதென்று துணிந்தனர். வீடொன்றுக்கு 5,000 ரூபாய். அக்காலத்துக்கு அது சிறு தொகையன்று. குழாயோ இன்னும் மண்ணில் இறங்கவில்லை. சாக்கடைக்கு யார் முன்பணம் கொடுப்பர் என்று சிரித்தவர் பலர். ஆனால் நகராட்சியார் தெருத்தெருவாய்க் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கணக்கைத் திறந்து காட்டினர். வினவியவர்க்கெல்லாம் விடை கூறினர். ஆயிரக்கணக்கான வீட்டார் கொடுத்தனர். வேலையும் நிறைவேறிற்று. இந்திய தேசத்தின் பிற நகரங்களிலிருந்து அதனைப் பார்த்துப் படித்துப்போக வந்தனர். தன் காரியம் என்று உணர்ந்தவன் சாக்கடைக்கும் கொடுப்பான். அதே தெருவிற் குடியிருப்பவன் ஆலயத்துக்கு நேரம் கொடான் என்றால், குற்றம் அவனுடையதா, அவனுக்குக் கணக்கையும் காரியத்தையும் திறந்து காட்டாத நம்முடையதா?

திறந்து காட்டுவதற்கு மாறாக நாம் செய்வது தேர்தல். பொறுப்பு என்றால் கமிட்டி நாற்காலி என்று ஆகிவிட்டது. சில நாற்காலிகளுக்காகப் பலர் போராடுவதும், தோற்றவர் கோர்ட்டுக்குச் செல்வதும் சபைதோறும் பழகிப்போன காட்சிகள். திருச்சபையின் தலைமைத் தேர்தல் வழக்கில் 2024-ம் ஆண்டு ஏப்ரலிற் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமித்ததும், அதன்மேல் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றதும் நேயர் அறிந்தவையே. அவ்வழக்கின் நியாயம் எவர் பக்கம் என்பது எம் ஆராய்ச்சிக்குரியதன்று. ஒன்றுமட்டும் கவனித்தோம். நோயாளியைப் பார்க்கும் வேலைக்கு எச்சபையிலும் போட்டி நடந்ததாகவோ, அதன்பொருட்டு எவரும் வக்கீல் வைத்ததாகவோ யாம் கேட்டதில்லை.

பெண்மக்களைக் குறித்து ஒரு சொல். 2013-ம் ஆண்டில் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியால் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபொழுது பத்திரிகைகள் புகழ்ந்தன, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் உள்ளூர்ச் சபையில் வீட்டு வாசல்களை உண்மையில் அறிந்தவர் பெண்களே. அறியாத ஆண்கள் கூடி, அறிந்த பெண்களுக்குச் சிற்றுண்டிப் பொறுப்பை அளிக்கின்றோம்.

நம் மாணாக்கர்க்கு அசரியா அத்தியட்சரின் பெயரை நினைவூட்டல் தகும். நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று, நோயினாற் பரீட்சைக்குச் செல்லாது பட்டம் பெறாமலே வெளியேறியவர் அவர். (பட்டம் பெறாதோர் இதனாற் பெரிதும் ஆறுதல் அடையவேண்டா, அவர் மற்றவற்றில் அயராது உழைத்தவர்.) 1912-ம் ஆண்டிற் டோர்னக்கல் அத்தியட்சராகி, கூலி வேலை செய்யும் ஏழை மக்களிடையே ஊழியம் புரிந்தார். ஞானஸ்நானம் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறர்க்குக் கூறுதல் தமக்கு விழுந்த கடமையென்று உரக்கச் சொல்லும்படி செய்தார். நேற்றுவரை எவராலும் மதிக்கப்படாதிருந்தவன், ஞானஸ்நானத் தண்ணீர் உலருமுன் ஒரு பொறுப்புக்கு உரியவனானான். அச்சபைகள் பெருகியதில் வியப்பென்ன? 1910-ம் ஆண்டில் எடின்பரோ மகாநாட்டில் அவர் மேனாட்டு மிஷனெரிமாரிடம் வேண்டியதும் பணத்தையன்று, நட்பை.

எண்ணிக்கை குறைந்துவிட்டதே, எம்போன்ற சிறு சபை இனி என் செய்யும் என்பாரும் உளர். லெஸ்லி நியூபிகின் அத்தியட்சரைச் சென்னையார் மறந்திரார். 1965 முதல் 1974 வரை இங்கே பணிபுரிந்தவர். தம் நாடு திரும்பியபின், எழுபது வயதில், பர்மிங்ஹாம் நகரத்தில் ஒரு சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சிற்றாலயத்தை மூடிவிடலாமா என்று ஆலோசனை நடக்கையில், தாமே அதன் போதகராய்ச் சென்றார். மூப்பருஞ் சிலரும் ஏழைகளுமாய் இருந்த அச்சபையோடு 1980-களிற் பெரும்பகுதியைக் கழித்தார். வீடுவீடாய்ச் சென்றார், இந்தியாவிலிருந்து குடியேறியோர் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்து உபசரித்ததையும், தம் நாட்டார் கதவுகள் மூடியே இருந்ததையும் பின்னர் எழுதினார். நற்செய்தி உலகத்துக்கு விளங்கவேண்டுமாயின், அதனை நம்பி அதன்படி வாழும் ஒரு சபையே அதன் உரையாசிரியன் என்னும் கருத்தை 1989-ம் ஆண்டில் அவர் நூலாக்கினார். மாநாடுகளிலும் பேராயங்களிலும் நெடுநாள் இருந்தவர், கடைசியில் அக்கருத்தை உறுதி செய்துகொண்டது சிறைக்கெதிரேயிருந்த அச்சிற்றாலயத்தில்.

யாம் வேண்டுவது பெரியதன்று. தெருவைக் கணக்கிட்டுப் பன்னிரண்டு வீடுகள். அப்பன்னிரண்டுக்கு இருவர்: வயது முதிர்ந்த ஒரு தாயார், கலாசாலையிற் படிக்கும் ஒருவர். மாதம் ஒருமுறை சந்தாவைக் கையிற் சென்று வாங்குதல்; கொடுக்க இயலாதவர் வீட்டுக்கு முதலிற் செல்லுதல். புதிதாய் வந்தவர் முதல் மாதத்துக்குள் ஒரு வேலையைப் பெறுதல். பூ வைப்பதாயினும் சரி, ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளைத் தெரு தாண்டி விடுவதாயினும் சரி. வாலிபர்க்குக் கிடாரை மட்டும் கொடுத்து அமர்த்திவிடாது, கணக்குப் புத்தகத்தையும் நோயாளிகள் ஜாபிதாவையும் கொடுத்தல். தடைகள் உண்டு. அடுக்குமாடியின் வாயிலிற் காவலாளர் நிறுத்திப் பெயரெழுதச் சொல்லுவார். இரவு உத்தியோகஸ்தர் பகலில் உறங்குவர். அவர்களைச் சனிக்கிழமை மாலையிற் காணலாம். ‘எதற்கு வந்தீர்கள்?’ என்று சந்தேகத்தோடு கேட்பாரும் உளர். இவற்றையெல்லாம் யாம் பட்டறிந்தே கூறுகின்றோம்.

எம்மவரால் இது முடியும் என்பதற்கு 2015-ம் ஆண்டு டிசம்பரே சாட்சி. வேளச்சேரியும் ஆதம்பாக்கமும் நீரில் நின்றன. அந்நாட்களிற் சென்னையெங்கும் ஆலயங்களும் கோயில்களும் மசூதிகளும் கலியாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. எம் தெருவிற் சோறு வடித்துப் பொட்டலம் கட்டியவர்களுள் கிறிஸ்தவர் யார், அல்லாதார் யார் என்று பிரித்தறிய இயலவில்லை. எந்த வீட்டிற் பாலில்லாத குழந்தை, எந்த மாடியில் மருந்தில்லாத முதியவர் என்பதை ஒரே நாளிற் கற்றுக்கொண்டோம். நீர் வடிந்தது. கற்றதும் வடிந்துவிட்டது.

சென்ற தவக்காலத்தில், எம் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பன்னிரண்டு வீடுகளை எழுதிக்கொண்டு, யாமும் பட்டவகுப்பிற் படிக்கும் மாணவி ஒருத்தியும் அவள் பாட்டியாரும் நடக்கத் தொடங்கினோம். முதல் வாரமே நாணம் அடையும்படி நேர்ந்தது. எமக்கு மூன்று வீடு தள்ளி, நான்கு வருஷமாய், எம் சபையாரே ஒரு குடும்பத்தார் குடியிருந்தனர். அவர்களை அயலூரார் என்று எண்ணியிருந்தோம். ஆறாவது வீடு நாசரேத்துத் தாயாருடையது. அவர் எம்மைக் கண்டு வியந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். சுவரோரத்துப் பெஞ்சில் இப்பொழுது யார் இருக்கின்றார் என்று விசாரித்தார். இந்நாளில் அவர் மாதத்தின் முதல் ஞாயிற்றில் எம்மோடு திருவிருந்துக்கு வருகின்றார். மற்ற ஞாயிறுகளில் மாடி ஜெபவீட்டுக்கே செல்லுகின்றார். அதைக்குறித்து யாம் அவரிடம் ஒன்றும் சொல்லுவதில்லை. கஞ்சி கொண்டுவந்த பெண்மணி சில சமயம் அவரைக் கைபிடித்து எம் ஆலயத்தின் வாயில்வரை கொண்டுவந்து விட்டுப் போகின்றார். அவருடைய வீட்டு வாசலையும் இப்பொழுது கேட்டு அறிந்துகொண்டோம்.